குர்ஷித் தைத்த உறைகள்

காலை ஏழே முக்கால் மணிக்குச் செய்தி வந்தது. தௌசீப் அகமது அப்போது தன் பந்தயக் காரின் பானெட்டுக்குள் குனிந்து, மூன்றாவது பிளக் ஒயருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். பேட்டரியின் மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. திரையில் அக்காவின் பெயர். நான்காவது உறையைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்து, எடுத்ததுமே, "சாயங்காலம் குடுத்தா போதும் ஆபா, அவசரம் இல்ல" என்றான்.

"தம்பி, நான் சுந்தரி. லைன்ல அக்கா பக்கத்துல உக்கார்ற சுந்தரி."

"சொல்லுங்கக்கா."

"பஸ்ஸுல ஜன்னல்ல சாஞ்சிக்கினு தூங்கறாங்கன்னு நெனச்சோம். கம்பெனி கேட்டாண்ட வந்து எழுப்பினேன். எழுந்திருக்கல. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டோம்." பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. "நீ வந்துடு தம்பி. மெதுவா வா. அவசரமா வர வேணாம்."

அவசரமாக வர வேண்டாம் என்றதில்தான் அவனுக்கு விஷயம் விளங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றான். ஷட்டரை இறக்கவும் தோன்றவில்லை. நண்பன் இளம்பரிதி வந்துதான் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். பானெட் திறந்தபடியே கிடந்தது.

குர்ஷித்துக்கு நாற்பத்தாறு வயது. ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரிலேயே படித்து, பத்தாவது முடித்த கொஞ்ச நாளில் ஷூ கம்பெனிக்குப் போனவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் கடைசி வரை அதே லைனில்தான் உட்கார்ந்தாள். சூப்பர்வைசராக்குகிறோம் என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். "நின்னுக்கினு மத்தவங்க தைக்கறத பாக்கறதுக்கு எதுக்கு சம்பளம்" என்று மறுத்துவிட்டாள். கணவர் இறந்த பிறகு மகள் மெஹக்குடன் தம்பி வீட்டு மாடிக்கு வந்தாள். வந்த அன்றைக்கே, மாடிப்படி கைப்பிடி ஆடுகிறது, மெக்கானிக் வீடு மாதிரியா இருக்கிறது என்று தம்பியைக் கடிந்துகொண்டாள்.

தோற்பது அவளுக்குப் பிடிக்காது. கேரம் ஆடினால் கள்ள ஆட்டம் ஆடுவாள். கண்டுபிடித்துவிட்டால் பலகையையே கவிழ்த்துவிடுவாள். அன்றைய டார்கெட்டைப் பக்கத்து லைன்காரிகள் முதலில் முடித்துவிட்டால் வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் உப்பு இல்லை என்பாள். உப்பு சரியாகத்தான் இருக்கும்.

தம்பியின் கேரேஜ் ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் வழியில், ஹைவேயின் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. வாரம் முழுக்க கம்பெனி வேன்களும் டாக்ஸிகளும் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு அவனும் பரிதியும் அந்தப் பழைய வெள்ளைக் காரில் இறங்கிவிடுவார்கள். பின் சீட்டு இல்லை, கதவுக்குள் கண்ணாடி இல்லை, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு. கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் யார் முதலில் கடக்கிறார்கள் என்ற டிராக் பந்தயத்துக்காக மாற்றி அமைத்த வண்டி. இன்ஜின் வேலை தௌசீப்புடையது. ஓட்டுவது பரிதி. பரிதிக்கு ஒடுகத்தூர் பக்கம் கடலைக்காடு இருக்கிறது, வாணியம்பாடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கிறது. உடம்பில் எடைதான் இல்லை. அதனால்தான் அவன் டிரைவர் ஆனான்.

ஞாயிறு காலையில் குர்ஷித் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு கேரேஜுக்கு வருவாள். வீட்டில் அக்காவும் தம்பியும் உருதுவில்தான் பேசுவார்கள். பரிதி எதிரில் இருந்தால் தமிழ். அவனைக் கிண்டல் செய்வது அவனுக்குப் புரிய வேண்டும் என்பது அவள் கொள்கை.

"இன்னா பரிதி, இந்த வண்டி எங்கயும் திரும்பாதா?"

"திரும்பாதுக்கா. நேராத்தான் போவும்."

"நேர்த்தையல எவ வேணா போடுவா. வளைவுலதான் வேலையே இருக்குது. நேரா ஓடறதுக்கா ரெண்டு பேரும் இவ்ளோ பேஜாரு படறீங்க?"

"அக்கா, பன்னெண்டு செகண்டுல கால் மைல் போவும்."

"போயி?"

"நின்னுடும்."

"அதான பாத்தேன்" என்று டீயை ஊற்றுவாள். ஆனால் போகும்போது பானெட்டின் மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாள். யார் வீட்டுக் கதவையோ தட்டுவது போல.

முதல் பந்தயத்துக்கு முன்பு தௌசீப் இன்ஜினுக்குப் புதிய புகைக்குழாய்கள் வைத்தான். குழாய்கள் பிளக் ஒயர்களை ஒட்டியே வளைந்து போயின. இரண்டு சுற்று ஓட்டியதும் ஒயர்களின் ரப்பர் சூட்டில் பொசுங்கிய வாடை வந்தது. அந்த ஞாயிறு டீயோடு வந்த குர்ஷித் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஒயருக்கு ஒரு சட்டை தெச்சி மாட்டினா இன்னா?"

"துணி எரிஞ்சிபோவும் ஆபா."

"துணி யார்டா சொன்னா? வெல்டிங் கிளவுஸு எதுல தெக்கிறாங்க? தீயில கைய வெக்கறானே, அந்தத் தோலு உன் ஒயர காப்பாத்தாதா?"

அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வராது. இந்தப் பக்கத்து ஊர்களில் குழாய் ஒழுகினால் தோல் வாஷர், கதவு அடித்துக்கொண்டால் தோல் துண்டு, மேஜைக் கால் ஆடினால் அடியில் தோல் மடிப்பு. வெட்டுத்துண்டு எந்த வீட்டிலும் ஒரு பை இருக்கும். தௌசீப்பின் கேரேஜில் ஸ்பேனர் தொங்குகிற பட்டையும் தோல், உட்காருகிற முக்காலியின் மேலும் தோல்.

ஒரு ஒயரை அளவுக்கு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் நான்கு உறைகள் வந்தன. காபிக்கொட்டை நிறம், இரட்டைத் தையல், பிளக்கின் தலையைக் கவ்வும் இடத்தில் அழகான வளைவு. பந்தயத் தடத்தில் பெங்களூர்க்காரர்கள் கூட வந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த போட்டோவைப் பரிதி காட்டியபோது, "உங்க வண்டிய எடுத்தானா, என் தையல எடுத்தானா?" என்று கேட்டாள்.

வண்டியில் மிஸ்ஸிங் ஆரம்பித்ததும் அதே பந்தயத்தில்தான். பச்சை விளக்கு விழுந்தது, பரிதி ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தான், வண்டி பாய்வதற்குப் பதில் இருமியது. நான்கு சிலிண்டரில் ஒன்று அடிக்காமல் விட்டால் வரும் அந்த டப்டப் சத்தத்தோடு தூரத்தைக் கடந்தது. பக்கத்துத் தடத்துக் கார் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் தௌசீப் நான்கு பிளக்கையும் மாற்றினான். மத்தியான வெயிலில் சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி தேன் போல ஓடியது. அடுத்த பந்தயத்தில் மறுபடி இருமல். இக்னிஷன் காயிலை மாற்றினான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் உள்ளே சுற்றும் ரோட்டரையும் மாற்றினான். ஒயர்களை மீட்டர் வைத்துப் பார்த்தான். அளவு சரியாகவே காட்டியது. பெட்ரோலில்தான் கோளாறு என்று பரிதி பம்பையும் பில்டரையும் கொண்டுவந்து போட்டான். ஆம்பூரில் ஒரு குறையும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி அந்தத் தடத்துக்குப் போனால் மட்டும் இருமல்.

"உன் வண்டிக்கு ஊர்ப்பாசம் ஜாஸ்தி" என்றாள் குர்ஷித். "வெளியூரு தண்ணி ஒத்துக்கல."

அவள் சொன்னது உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று அப்போது மூவருக்கும் தெரியாது.

மூன்றாவது பந்தயத்திலும் அப்படியே ஆனது. காரை லாரியில் ஏற்றிக்கொண்டு, இருவரும் அதன் கேபினில் உட்கார்ந்து திரும்பினார்கள். வேலூர் தாண்டியதும் பரிதி பேச்சை எடுத்தான்.

"தௌசீப், வீட்ல ஷர்மிளா கேக்கறா. ஒவ்வொரு தடவையும் உயிர கையில புடிச்சிக்கினு போறியே, தோத்துட்டு வர்றதுக்கான்னு. இன்னும் ஒரு தடவ. அதுலயும் இருமினா நான் இறங்கிக்கறேன். தோஸ்த்தா இருப்பேன். டிரைவரா இருக்க மாட்டேன்."

தௌசீப் சரி என்றான். வேறு ஆள் தேடி ஓட்டவிடும் எண்ணம் அவனுக்கு இல்லை. பரிதி இறங்கினால் வண்டியும் நின்றுவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விடியலில் தூறல். வெளியே நின்ற காரின் பானெட் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. உள்ளே கொண்டுபோய் விடலாம் என்று தௌசீப் ஸ்டார்ட் செய்து, கேரேஜ் வாசலின் சரிவில் ஏற அழுத்தி மிதித்தான். வண்டி இருமியது. தடத்தில் இருமிய அதே இருமல். அவன் சரிவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு பரிதிக்குப் போன் போட்டான். "டேய், கடைய அப்புறம் தொற. இங்கயே இருமுது."

பரிதி வருவதற்குள் கம்ப்ரசர் காற்றால் எல்லாவற்றையும் ஊதி உலர்த்தினான். இருமல் போய்விட்டது. அதுவே போதுமான தடயம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பரிதியை உட்காரவைத்து, கிளட்சைப் பாதி விட்டு இன்ஜினுக்குச் சுமை கொடுக்கச் சொன்னான். தான் இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பானெட் அருகே நின்றான். காயில் மேல் தெளித்தான், ஒன்றும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல், இல்லை. முதல் ஒயர், இல்லை. இரண்டாவது ஒயரின் தோலுறை நனைந்ததும் இன்ஜின் டப்டப்பென்று இருமியது.

உறையைப் பிடித்து நகர்த்தப் போனான். முழங்கை வரை சுள்ளென்று இழுத்து அடித்தது.

"இன்னாடா ஆச்சு?" என்றான் பரிதி உள்ளேயிருந்து.

"தோலு ஷாக் அடிக்குது."

"தோலு எப்படிடா ஷாக் அடிக்கும்?"

இன்ஜினை நிறுத்தி உறையைக் கழற்றினார்கள். ஒயரின் ரப்பரில், புகைக்குழாயின் சூடு பட்டுப் பொசுங்கிய இடத்தில், ஊசி குத்தியது போல் ஒரு ஓட்டை. உறையின் உள்பக்கத்தில் அந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு கறுப்புக் கோடு. ஷட்டரைப் பாதி இறக்கி நிழலாக்கிவிட்டு, ஈர உறையை ஒயரோடு சும்மா சேர்த்துக் கட்டி மறுபடி ஓட்டினார்கள். ஓட்டையிலிருந்து நீல நூல் போல ஒரு பொறி தோலுக்குத் தாவித் தாவி அடித்தது.

உறை போடும் முன்பே ஒயர் பொசுங்கிவிட்டது. உறை அந்த ஓட்டையை மூடி மறைத்தது. தோல் காய்ந்திருக்கும்வரை ஒன்றும் இல்லை. ஈரம் ஏறினால், பதனிட்ட தோலில் இருக்கும் உப்பும் சேர்ந்து, கரண்ட் இன்ஜினின் இரும்புக்கு இறங்க வழி கிடைத்துவிடும். மெதுவாக ஓட்டும்போது பிளக்கிலேயே பொறி விழும். முழுக்க மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி அங்கே பொறி விழுவது கஷ்டமாகிவிடும்; அப்போது கரண்ட் சுலபமான பக்கமாகப் போய்விடும். பந்தயத்துக்கு முந்தின சாயங்காலமே வண்டியைத் திறந்த லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பானெட்டின் காற்றுத் துளை வழியாக இராப்பனி இறங்கும். விடிந்ததும் பந்தயம். ஆம்பூரில் சோதித்ததெல்லாம் வெயில் ஏறிய பிறகு.

மழைக்காலத்தில் தோல் தண்ணீர் குடிக்கும் என்பதை தௌசீப் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறான். மழை நாளில் டார்கெட் முடியாமல் வந்தால் குர்ஷித் அதைத்தான் சொல்லித் திட்டுவாள். ஊரில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் தோல் அவர்களுக்கு எங்கேயும் கிடக்கிற பொருள். சந்தேகப்பட வேண்டிய பொருளாக அது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

"அக்காகிட்ட சொல்லிடாத" என்றான் பரிதி. "மனசு கஷ்டப்படும்."

தௌசீப்பும் அப்படித்தான் நினைத்தான். நான்கு உறைகளையும் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டினான். புதிய ஒயர்களுக்குச் சொல்லிவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை குர்ஷித் வந்தாள். டீ ஊற்றுவதற்கு முன்பே பானெட்டுக்குள் பார்த்தாள்.

"எங்கடா என் உறை?"

"கழுவப் போட்டிருக்கேன் ஆபா."

குர்ஷித் பிளாஸ்கைக் கீழே வைத்தாள். "தோல கழுவப் போட்டியா? ஆம்பூர்ல பொறந்தவன் பேசற பேச்சா இது? பரிதி, நீ சொல்லு."

பரிதி கடையில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தான். "உக்காரு" என்றாள். உட்கார்ந்தான். பிறகு இருவரும் மாற்றி மாற்றி எல்லாவற்றையும் சொன்னார்கள். ஒயர் முன்பே பொசுங்கியிருந்ததை தௌசீப் மூன்று தடவை சொன்னான். அவள் டிராயரைத் திறக்கச் சொல்லி, இரண்டாவது உறையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அந்தக் கறுப்புக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"அப்போ இத்தினி நாளு உன் வண்டிக்கு இருமல் நான்தானா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள். முக்காட்டு முனையால் துடைத்துக்கொண்டு, "பரிதி பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லாதீங்கடா, அடிக்க வந்துடுவா" என்றாள்.

பிறகு அவள் முகம் மாறியது. கேரம் பலகையைக் கவிழ்ப்பதற்கு முன்பு வரும் முகம்.

"தண்ணி குடிக்காததா, சூடு தாங்கறதா இன்னா இருக்குது, சொல்லு."

"கண்ணாடி நார்த் துணி இருக்குது. பாய்லர் குழாய்க்குச் சுத்தறது."

"வாங்கியா. நான் தெச்சதால தோத்தீங்கன்னு இருக்கக் கூடாது."

ராணிப்பேட்டையில் பாய்லர் சாமான் விற்கும் கடையிலிருந்து தௌசீப் வாங்கிவந்தான். அந்தத் துணி கையில் பட்டால் அரிக்கும், ஊசியை மழுங்கடிக்கும், வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியும். "துணியாடா இது, செந்தட்டி" என்று திட்டிக்கொண்டே, கம்பெனி விட்டு வந்ததும் கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு மாடியில் தன் மெஷினில் தைத்தாள். பந்தயத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. புதன்கிழமை காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது மூன்று உறைகளைத் தம்பியின் கையில் கொடுத்தாள். அன்றைக்கு அவள் முகம் வெளுத்திருந்ததா, மூச்சு வாங்கினாளா என்று தௌசீப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான். அவன் பார்த்தது உறைகளைத்தான்.

"நாலாவது?"

"வளைவுல நிக்குது. சாயங்காலம் தர்றேன்."

அந்தச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். லைன்காரிகள் கம்பெனி கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார்கள். சுந்தரி மெஹக்கின் கையைப் பிடித்தபடி கடைசி வரை விடவில்லை. கப்ரஸ்தான் வரைக்கும் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கியவர்களில் பரிதியும் ஒருவன். திரும்பி வந்து கேரேஜ் பக்கம் போய், திறந்தே கிடந்த பானெட்டை மூடியதும் அவன்தான்.

பந்தயத்துக்கு வேண்டாம் என்றுதான் தௌசீப் முதலில் சொன்னான். பரிதி வற்புறுத்தவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த மெஹக்தான், "அம்மி, தன் தையலால தோத்ததா இருக்கக் கூடாதுன்னாங்களே மாமு" என்றாள்.

போனார்கள். தடத்தில் விடியற்காலை நல்ல பனி. வண்டியின் கூரையிலிருந்து சொட்டியது. தௌசீப் பானெட்டைத் திறந்து உறைகளைத் தொட்டுப் பார்த்தான். மேலே ஈரம் முத்து முத்தாக நின்றது, உள்ளே இறங்கவில்லை. மூடிவிட்டு, தனக்கே தெரியாமல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான். பரிதி அதை முன்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பச்சை விளக்கு விழுந்தது. வண்டி ஒரே மூச்சில் போனது. இரண்டாவது சுற்றில் ஒரு புதிய காரிடம் நூலிழையில் தோற்றது. ஆனால் எந்தச் சுற்றிலும் இருமவில்லை. பரிதி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "அடுத்த தடவ டயர மாத்தணும்" என்றான். அடுத்த தடவை என்று அவன் சொன்னதைத் தௌசீப் கேட்டுக்கொண்டான்.

பந்தயம் முடிந்ததும் அக்காவுக்குப் போன் செய்வது பழக்கம். விரல் தானாக அந்தப் பெயருக்குப் போய்விட்டது. இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"இருமுச்சா மாமு?" என்றாள் மெஹக்.

"இல்லடா."

வெள்ளைக் கார் இப்போதும் மூன்று உறைகளோடுதான் ஓடுகிறது. நான்காவது ஒயர் புகைக்குழாயில் படாதபடி ஒரு கிளிப்பில் தள்ளி மாட்டியிருக்கிறது. அதற்கான உறை மாடியில் மெஷினின் பாதத்துக்கு அடியில் இருக்கிறது. நேர்த்தையல் முழுக்க ஓடியிருக்கிறது. வளைவு தொடங்கும் இடத்தில் ஊசி இறங்கி நிற்கிறது.